பெயருக்கு முன்னால் லேட்

அன்றைக்கு அந்த அச்சுக்கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். கடைக்காரர், அவரிடம் மிஷின் மிதிக்கிற ஆள், என் மாமியார், கல்யாண மாப்பிள்ளையான என் கொழுந்தன், பெண்ணுடைய தாய்மாமன், நான். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு எங்கள் சொந்தத்தில் இதைப் பேசினவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே பேசினார்கள். ஒருத்தி நான் அழுதேன் என்றாள். ஒருவர் நான் சிரித்தேன் என்றார். நான் இரண்டும் செய்யவில்லை. ஓர் இங்கிலீஷ் வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டேன், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஆறு, வைகாசி மாதம். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதே தள்ளிக்கொண்டே போய்விட்டது. கொழுந்தன் உப்பு லாரியில் லோடுமேன். உப்பு விளைந்து கொட்டுகிற நாளில் அவனுக்கு லீவு கிடைக்காது. மரக்காணம் கடைத்தெருவில் நாங்கள் உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“அடடே, வாங்க. இனிமே வளைகாப்புப் பத்திரிகைக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சேன்.”

“லோடுக்குப் போயிட்டண்ணா. திருப்பூர் வரைக்கும்,” என்றான் கொழுந்தன்.

“பரவால்ல, பரவால்ல. பெட்டர் லேட் தென் நெவர்!”

அவருக்கு நடுநடுவே இங்கிலீஷ் பேசப் பிடிக்கும். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை, லேட். வீட்டில் ஆரம்பித்து, பஸ் ஸ்டாப்பில் தொடர்ந்து, பஸ்ஸில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். பத்திரிகையில் என் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் லேட் என்று போடுவதா, வேண்டாமா.

என் வீட்டுக்காரர் எதற்கும் லேட். எங்கள் நிச்சயதார்த்தத்துக்கே எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்துக்குத்தான் வந்தார். நானோ பயந்த சுபாவம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட ஒரு பயம்தான் காரணம். அம்மாவுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்தது. நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று யோசித்து யோசித்துப் பாதி நாள் போகாமல் நின்றேன். கடைசியில் பெயரை எடுத்துவிட்டார்கள். அம்மா நன்றாகத்தான் இருந்தாள், இன்னும் இருக்கிறாள். அப்படிப்பட்ட எனக்கு, சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வராத ஒரு மனுஷரைக் கட்டி வைத்தார்கள். அவர் சைக்கிளை எடுக்கும்போதே நான் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அவர் கிண்டல் செய்வார்.

“நீ இப்பவே பயப்பட ஆரம்பிச்சுடு. நான் ஒரு மணி நேரம் லேட்டா வர்றேன். கணக்கு சரியாயிடும்.”

இரண்டாயிரத்து நாலு மார்கழி. நாங்கள் உப்புப் பாத்தியில் கூலிக்குப் போகிறவர்கள். மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிகிறபோது முகத்துவாரத்துப் பக்கம் இறால் பிடிக்கப் போனார். போகும்போது மசாலா அரைத்து வைக்கச் சொன்னார். எங்கள் ஊர் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அலை எங்கள் தெருவுக்கு வரவில்லை. உப்புப் பாத்திகள் வரைக்கும் வந்து நின்றது. சத்தம் கேட்டு ஊரே மேட்டைப் பார்த்து ஓடியது. யாரோ கத்தினார்கள், கடல் வருதுன்னு. நான் அம்மிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஐயோ, இன்றைக்கு இவர் ரொம்ப லேட்டாகத்தான் வருவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். காக்கை கத்தினால் பயப்படுகிறவளுக்கு அன்றைக்கு மட்டும் பயமே வரவில்லை.

அதற்குப் பிறகு தேடியது எல்லாம் மற்றவர்கள் தேடிய மாதிரிதான். கரையில், புதுச்சேரி ஆஸ்பத்திரியில், வரிசையாகப் படுக்க வைத்திருந்த இடங்களில். கரையோரக் குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒருத்தி இருந்தாள், கருவாட்டுக்கு உப்பு வாங்க எங்களிடம் வருகிறவள். அவளுக்கு அவள் புருஷன் மூன்றாம் நாள் கிடைத்தார். அவள் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தபோது எனக்கு வந்தது பரிதாபம் இல்லை. அவளுக்குக் கிடைத்துவிட்டதே என்று இருந்தது. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன பெண் இவள் என்பார்கள்.

தை பிறந்து பாத்தியைச் சீர்செய்ய இறங்கினோம். சேற்றை மிதிக்க மிதிக்க, அலை கொண்டுவந்து விட்டுப்போன சாமான்கள் மேலே வந்தன. அலுமினியத் தட்டு, கிழிந்த வலை, சின்னப் பிள்ளை பெல்ட். செருப்புதான் நிறைய. எது கிடைத்தாலும் பெண்கள் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்க் குனிந்து, கழுவி, வலது கால் செருப்பா என்று பார்ப்பேன். அவருடைய வலது செருப்பில் வார் அறுந்து கம்பி கட்டியிருக்கும். ஒன்றிலும் கம்பி இல்லை. பார்த்து முடித்ததும் வரப்பில் வைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் அந்த வரப்பு முழுக்கச் செருப்பாகிவிட்டது, யாரோ பெரிய கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கிப் போன மாதிரி. மேஸ்திரி ஒரு நாள் எல்லாவற்றையும் கூடையில் வாரிக் கொண்டுபோய் எங்கோ போட்டுவிட்டார்.

வெயில் காலம் வந்ததும் வேறொன்று ஆரம்பித்தது. பொழுது ஏறினால் பாத்திகளுக்கு மேலே காற்று நெளியும். தூரத்து வரப்பில் வருகிற ஆள் தரையில் கால் படாமல், தண்ணீரில் மிதந்து வருகிற மாதிரி தெரிவார். அதை எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் நான் பார்த்தபோதெல்லாம் அந்த ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து, அவசரமே இல்லாமல். நான் தலையில் உப்புக் கூடையோடு நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவள் முதுகில் இடிப்பாள். “நடடி, டீக்காரன்டி அது.” கிட்டே வந்தால் டீக்காரராகத்தான் இருக்கும். சில நாள் டீக்காரராகவும் ஆகாமல், கிட்டேயும் வராமல், நெளிந்துகொண்டே இருந்து இல்லாமல் போய்விடும். அதை அவர்கள் பார்க்கவில்லை.

ஊரில் வேறு பேச்சும் இருந்தது. அலையைச் சாக்கு வைத்துக்கொண்டு ஆள் வேறு எங்கோ போய்விட்டான் என்று. கோட்டக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்தார். நான் பஸ் ஏறிப் போய்க் கடை கடையாகக் கேட்டேன். ஒரு பாய் நான் நீட்டிய போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், “இல்லம்மா. இந்த மொகத்த பாத்திருந்தா நான் ஒன்ன அலைய வுடுவனா? உக்காரு, டீ குடி.” டீக்குக் காசு வாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், பார்த்தேன் என்று அவர் பொய் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால் நிவாரணப் பணத்துக்கு ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்று தாலுக்கா ஆபீசில் சொன்னார்கள். மாமியாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

என் மகளுக்கு அப்போது நாலு வயசு. அப்பா எங்கே என்று கேட்கும்போதெல்லாம் லேட்டா வருவாரு என்பேன். பொய் சொல்கிற மாதிரி இல்லாமல் சொல்ல முடிந்த ஒரே பதில் அதுதான். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் ஒரு நாள் டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“பாப்பாவே சொல்லிடுச்சுங்க. எங்கப்பா லேட்டுன்னு. எப்படிங்க இவ்ளோ சின்னப் புள்ள இவ்ளோ தெளிவா சொல்லுது?”

“அவரு எப்பவுமே அப்படித்தாங்க டீச்சர்,” என்றேன்.

டீச்சர் என்னையே பார்த்தார். பாவம், அதிர்ச்சியில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு கல்யாண பேனர் கட்டியிருந்தது. தாத்தாக்கள் பெயர் வரிசையில் இரண்டு பேருக்கு முன்னால் லேட், லேட் என்று இருந்தது. அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். லேட் என்றால் காலமானவர் என்றும் எனக்குத் தெரியும். நேரம் கழித்து வருவதற்கும் அதே வார்த்தைதான் என்றும் தெரியும். பாத்தியில் மேஸ்திரி தினமும் லேட்டு லேட்டு என்றுதானே கத்துகிறார். ஆனால் இரண்டும் ஒரே வார்த்தை என்பது மட்டும் அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு உறைத்ததே இல்லை. பேனருக்குக் கீழே மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதமாக என் பிள்ளையிடம் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு அவளிடம் அப்பா வருவாரு என்று மட்டும் சொன்னேன். “லேட்டாவா?” என்று அவளே கேட்பாள்.

இப்போது அச்சுக்கடைக்கு வருகிறேன். கடைக்காரர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலிருந்த தட்டில் அடுக்கிக்கொண்டே வந்தார். முதலில் மாமனார் பெயர். அவர் போய்ப் பல வருஷமாகிறது. அதற்கு முன்னால் லேட் என்று கேட்காமலே சேர்த்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரி அண்ணன், அண்ணி. தாய்மாமன் முன்னால் வந்தார்.

“அண்ணன் பேருக்கும் லேட்டு போட்டுக்கங்க.”

“போடக்கூடாது,” என்றாள் மாமியார்.

“ஏம்மா, காணாமப் போனவருன்னு பத்திரிகையில அடிக்க முடியுமா? ஒண்ணு, ஆளு மேடையில வந்து நிக்கணும். இல்லியா, லேட்டுன்னு போடணும். வெறும் பேரப் போட்டா எங்க ஊர்ல இன்னா கேப்பாங்க? எங்க ஓடிட்டான்னு கேப்பாங்க.”

“உங்க பொண்ணு வாழ வர்ற வூட்ல எழவு எழுதி வெச்சாத்தான் உள்ள வருமா?”

“யம்மா, சும்மா இரும்மா,” என்றான் கொழுந்தன்.

“நீ சும்மா இர்றா. ஒங்கப்பன் இல்லாத வூட்ல ஒனக்குத் தாலி எடுத்துக் குடுக்க வேண்டியவன்டா அவன். அவன நானே சாவடிக்கணுமா? எங்கயோ அடிபட்டு, பேரு மறந்து கெடக்கறானோ இன்னாவோ. நாளைக்கு வந்து இந்தப் பத்திரிகையப் பாத்தான்னா, யம்மா, நீயுமான்னு கேக்க மாட்டான்?”

மிஷின் மிதிக்கிறவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, “எதுனா ஒண்ணு சொல்லுங்கப்பா, மிஷினு நிக்குது,” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொண்டாட்டிதானே சொல்ல வேண்டும். நான் வேண்டாம் என்றால் கல்யாணம் நிற்குமோ என்று ஒரு பயம். போடுங்கள் என்றால் அந்த எழுத்து விழுகிற நிமிஷத்தில் எங்கேயோ அவர் மூச்சு நின்றுவிடுமோ என்று ஒரு பயம். என் வாய் தானாகக் கேட்டது.

“அண்ணா, வந்தவொடனே இங்கிலீஷ்ல ஒண்ணு சொன்னீங்களே. அதுக்கு இன்னா அர்த்தம்?”

“எது? பெட்டர் லேட் தென் நெவரா? அதும்மா, ஒரேயடியா வராமலே போறதுக்கு, லேட்டா வந்தாக்கூட மேல்னு. வேல கொஞ்சம் பிந்திப்போச்சுன்னா சொல்லிக்கிறது. இப்ப நீங்க வந்தீங்க இல்ல, அந்த மாதிரி.”

“நெவர்னா?”

“நெவர்னா எப்பவுமே கெடையாதுன்னு.”

“அதுல வர்ற லேட்டும், இதுல போடற லேட்டும் ஒண்ணுதானா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அப்போதுதான் நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது போல. “எழுத்து ஒண்ணுதாம்மா. அர்த்தம் வேற. அது வேற எடம், இது வேற எடம்,” என்றார் மெதுவாக.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாக்கியம் யாரோ என்னைத் தெரிந்தவர் எனக்காகச் சொன்ன மாதிரி இருந்தது. எப்பவுமே இல்லை என்பதைவிட லேட் மேல். ஒன்றரை வருஷமாக நான் கூடை சுமந்துகொண்டு மனசில் முனகியதும் அதுதானே. அந்தக் குப்பத்துப் பெண்ணைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை அதுதானே. அவளுக்கு லேட் கிடைத்தது. எனக்கு நெவர். கிடைத்தால் அழலாம், கொண்டுபோய் வைக்கலாம், வருஷா வருஷம் ஒரு நாளில் படைக்கலாம். வரப்பைப் பார்க்காமல் உப்பு வாரலாம். அதே சமயம் அந்த வாக்கியத்தைப் புரட்டினால் இன்னொன்றும் இருந்தது. எத்தனை லேட்டானாலும் பரவாயில்லை, வந்தால் போதும். அவர் சைக்கிளைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வருவது அதற்குள்ளும் இருந்தது. மாமியார் சொல்வதும் அதில் இருந்தது, தாய்மாமன் சொல்வதும் அதில் இருந்தது.

“போடுங்கண்ணா,” என்றேன்.

மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

கடைக்காரர் மூன்று ஈயத் துண்டுகளை எடுத்தார். இரட்டைக்கொம்பு, ல, ட். அவர் பெயருக்கு முன்னால் வைத்தார். அதே வரியில் ஒரு சின்னக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என் பெயர் இருந்தது. உடனே எனக்கு அடுத்த பயம் வந்தது.

“அண்ணா, இந்த லேட்டு எம்பேருக்கும் சேந்துடாதா? ஒரே வரியா இருக்குதே.”

“சேராதும்மா. பக்கத்துல இருக்கற பேருக்கு மட்டுந்தான்.”

“படிக்கிறவங்களுக்கு அது தெரியுமா?”

“நீ உசுரோட இருக்கறது ஊருக்கே தெரியும், அண்ணி,” என்றான் கொழுந்தன். அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். தாய்மாமனுக்கு வேலை முடிந்துவிட்டது, அவனை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

மாமியார் பக்கத்துக் கடையின் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலே பேசினாள். “நீ போட்டுக்க. ஒன் கஷ்டம் ஒனக்கு. ஆனா அந்தப் பத்திரிகைய என் கையில குடுக்காத. என் பொறந்த வூட்டுப் பக்கம் நான் எத எடுத்துகினு போயி குடுப்பேன்? எம் புள்ள செத்துட்டான், இந்தாங்க, கல்யாணத்துக்கு வாங்கன்னா?”

திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். முந்நூறு பத்திரிகை அடித்த பிறகு, ஐம்பது மட்டும் அந்த வார்த்தை இல்லாமல் தனியாக அடித்துத் தர முடியுமா, அதற்குக் காசு நான் தனியாகத் தருகிறேன், கொழுந்தனுக்குத் தெரிய வேண்டாம் என்று. கடைக்காரர் யோசித்தார்.

“மூணு எழுத்த உருவிடலாம். ஆனா அந்த எடம் காலியா வுட்டா வரி மொத்தமும் ஆடிப்போயிடும். வெத்து ஈயம் வெச்சு அடைக்கணும். பேருக்கு முன்னால கொஞ்சம் வெள்ளையா தெரியும். பரவால்லியா?”

“அங்க இன்னா இருந்துச்சுன்னு தெரியுமா?”

“ஒண்ணும் இல்லாத எடத்த யாரும்மா படிக்கப் போறாங்க?”

பத்திரிகை வந்ததும் நான் அந்த ஐம்பதைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாப் பெயர்களும் ஓரத்தில் ஒரே நேராக நின்றன. அவர் பெயர் மட்டும் உள்ளே தள்ளி நின்றது, வாசலில் நுழையத் தயங்குகிறவர் மாதிரி. பத்துப் பதினைந்து பத்திரிகையில் அந்த வெத்து ஈயம் மேலே கிளம்பிவந்து மையைத் தொட்டிருக்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு கறுப்புத் தீற்று. படிக்க முடியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிற மாதிரி. அவற்றை மாமியாரிடம் கொடுக்கலாமா என்று பயந்தேன். அவள் பார்த்துவிட்டு, “மை பட்டுகினு கெடக்குது, போவட்டும்,” என்று வாங்கிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம் பாத்தியில் இருந்தேன். நாங்கள் பொழுது விடியும் முன்னே இறங்குகிறவர்கள். ஒரு நாள் கூட வேலை செய்கிற ஒருத்தி பிந்தி வந்தாள். மேஸ்திரி பிடித்துக்கொண்டார். “இன்னாம்மே, மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சுதா? லேட்டு, லேட்டு, தெனமும் லேட்டு!” எனக்கு என்ன தோன்றியதோ, “பெட்டர் லேட் தென் நெவர், மேஸ்திரி!” என்றேன். எல்லோரும் உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஏழாவது படிச்ச தொர சொல்லிட்டாங்க, வுடுங்கப்பா,” என்றார். அதற்கு அதுதான் சரியான உபயோகம் என்று இப்போது தெரிகிறது. யாரோ பிந்தி வருவார்கள், யாரோ கோபப்படுவார்கள், இதைச் சொன்னால் கோபம் ஆறிவிடும். இங்கிலீஷ்காரர்கள் எவ்வளவு லேசாக அதைச் சொல்வார்கள். எனக்கு மட்டும் சொல்லி முடித்த பிறகு நாக்கில் உப்பு வைத்த மாதிரி இருந்தது. கண் தானாக வரப்புக்குப் போனது.

கல்யாணத்தன்று மண்டபத்தில் இரண்டு விதமான ஆட்கள் இருந்தார்கள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துப் பயப்படுகிற நான் இதை மட்டும் யோசிக்கவில்லை. லேட் போட்ட பத்திரிகை வாங்கினவர்கள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆரத்தித் தட்டை நான் எடுக்கப் போனபோது ஒரு பெண் மெதுவாக என் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். அதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். நெற்றியில் சின்னதாகத்தான் பொட்டு வைத்திருந்தேன்.

தயாராக இல்லாதது இன்னொன்றுக்கு. மாமியாரின் பிறந்த ஊரிலிருந்து அவளுடைய அண்ணி வந்தாள். அலை அடித்த சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு இருந்து அழுதவள். படியேறி வந்தவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் மலர்ச்சி.

“எப்படி வந்தான்? எங்க இருந்தானாம் இத்தினி நாளு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “யாரு அத்தே?”

“யாரா? ஒம் புருஷன்டி! பத்திரிகையில பேரு போட்டிருக்குதே, லேட்டுன்னு போடாம. இவன் அப்பனுக்கு லேட்டுன்னு போட்டிருக்குது, இவனுக்கு இல்ல. அதப் பாத்தவொடனே நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன், எங்க நாத்தனார் புள்ள வந்துட்டான்னு. ஒங்க மாமியா ஒண்ணுமே சொல்லல, வாயத் தொறக்காம பத்திரிகைய வெச்சுட்டு வந்துட்டா. கல்யாணத்துல ஆச்சரியமா காட்டலாம்னு நெனச்சாளா?”

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அதே முகத்தோடு நின்றார்கள். ஒண்ணும் இல்லாத இடத்தைப் படித்துவிட்டு ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவரைப் பார்க்கத்தான் வந்தார்கள், கல்யாணத்துக்கு இல்லை. மாமியார் மேடையில் மகன் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் வரல அத்தே,” என்றேன்.

அவள் அதை நான் சொன்ன அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. “தம்பி கல்யாணத்துக்குமா லேட்டு? அவன் திருந்தவே மாட்டான்,” என்று சிரித்துக்கொண்டே வாசலைப் பார்க்கிற மாதிரி ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தாலி கட்டும்போது எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அவளும் அவள் கூட வந்தவர்களும் வாசலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வாசலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. அப்படிப் பார்க்கிற கூட்டத்தில் நின்றால் யாருக்கும் வருகிற நம்பிக்கைதான் எனக்கும் வந்தது. சத்தியமாக, அரை நிமிஷம் அவர் வருகிறார் என்றே நினைத்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் கொழுந்தனின் கூட்டாளி யாரோ அந்த அத்தைக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். என்னிடம் வரவில்லை. மாமியாரிடமும் போகவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஊரில் இன்றைக்கும் சிலர் அவர் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. ஒரு முறை சொன்ன நல்ல செய்தியைத் திருப்பி வாங்க அவளுக்கு மனசு வரவில்லையாம்.

ஆனி மாதம் கூலி வந்ததும் அச்சுக்கடைக்குப் போனேன். முந்நூறுக்கான காசைக் கொழுந்தன் அப்போதே கொடுத்துவிட்டான். என்னுடைய ஐம்பதுக்கு நூற்று எழுபத்தைந்து ரூபாய் சொல்லியிருந்தார், நான் ஐம்பது ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன். மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சுவரோரப் பலகையைக் காட்டினார். அங்கே எங்கள் பத்திரிகையின் ஈய எழுத்துப் பக்கம், நூல் சுற்றி, அப்படியே கட்டி வைத்திருந்தது.

“கடைசியா அடிச்ச ஒங்க அம்பதுதான் இதுல இருக்குது. மீதியக் குடுத்துட்டா பக்கத்தப் பிரிச்சு எழுத்த அதது பொட்டி அறையில போட்டுடுவேன். பாக்கி இருக்கற எதையும் நான் கலைக்கறதில்ல, அது எங்க பழக்கம். அவசரமில்ல, இருந்தா குடு.”

கிட்டே போய்ப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி இருந்தது. அவர் பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேலே மையும் தூசியும் படிந்திருந்தது. முன்னால் அந்த வெத்து ஈயம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நான். விரலை வைத்தால் குளிர்ந்து இருந்தது.

முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டு, “அடுத்த மாசம் தர்றேண்ணா,” என்றேன்.

அந்த அடுத்த மாதத்துக்குப் பிறகு எத்தனையோ மாதம் போய்விட்டது. கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தால் நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அவரும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. நூற்று இருபத்தைந்து ரூபாய் பாக்கி.